தொட்டிச் சுவரின் வழவழப்பு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

கேள்வி இதுதான். சேலம் அழகாபுரத்தில் ஒரு வீடு. மாடியில் ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி. மேட்டூர்த் தண்ணீர் வருகிற அன்று அதுவும், வராத நாட்களில் போர் தண்ணீரும் ஏறுகிறது. மாதம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து, பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டு அலசுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் உள்சுவரைத் தடவினால் மறுபடியும் வழவழப்பு. "இது பாசிதானா? பவுடர் டூப்ளிகேட்டா? தொட்டி மட்டமா? இந்தத் தண்ணீரைப் புழங்கலாமா, கூடாதா?" என்று கேட்டிருக்கிறார் அந்தத் தம்பி.

தம்பி, பவுடரையும் தொட்டியையும் திட்டாதீர்கள். விட்டுப்போனது தேய்ப்பு. ஊற்றினீர்கள், அலசினீர்கள், தேய்க்கவில்லை. பதில் அவ்வளவுதான். ஆனால் தேய்க்காமல் விட்டால் குளோரின் ஏன் தோற்றுப்போகிறது என்பது அந்த வழவழப்புக்குள் கொஞ்சம் இறங்கிப் பார்த்தால்தான் பிடிபடும். நேரமிருந்தால் படியுங்கள்.

முதலில் பாசி விஷயம். நம் ஊரில் வழுக்குகிற எல்லாவற்றுக்கும் பாசி என்றுதான் பெயர். ஏற்காட்டில் ஓடைப் பாறையில் கால் வைத்துச் சறுக்கினாலும் பாசி, குடத்துக்குள் கொழகொழத்தாலும் பாசி. உண்மையான பாசிக்கு வெளிச்சம் வேண்டும். ஓடைப் பாறையில் அது உண்டு; அதோடு பழுப்பாக டயாட்டம் என்கிற கண்ணாடி ஓட்டுப் பாசியும், பாக்டீரியாவும் சேர்ந்தே கிடக்கும். உங்கள் தொட்டியோ மூடியிருக்கிறது, பச்சை நிறமும் இல்லை என்கிறீர்கள். நிறமில்லாமல், விரலில் ஆறிய ஜவ்வரிசிக் கஞ்சி பட்ட மாதிரி இருந்தால் அது பாக்டீரியா தனக்காகக் கட்டிக்கொண்ட படலம். பயோபிலிம் என்பார்கள். தமிழில் உயிரிப்படலம் என்று எழுதுகிறோம், வகுப்பில் பேசும்போது எல்லோருக்கும் பயோபிலிம்தான் வாயில் வரும்.

நான் நுண்ணுயிரியல் பாடம் நடத்துகிறவன். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் ஒரு குடத்துச் சோதனை வைப்பேன். நாலு கண்ணாடி ஸ்லைடுகளை நூலில் கட்டி, புழங்குகிற தண்ணீர் நிரப்பிய குடத்துக்குள் தொங்கவிட வேண்டும். மறுநாள் ஒன்றை எடுத்து மெல்ல அலசி, காயவைத்து, ஸ்பிரிட் விளக்கின் மேல் இரண்டு தடவை காட்டி, கிரிஸ்டல் வயலட் சாயத்தை ஒரு நிமிடம் ஊற்றிக் கழுவுவோம். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஊதாப் புள்ளிகள், சின்னச் சின்னக் குச்சிகள். மூன்றாம் நாள் ஸ்லைடில் அந்தக் குச்சிகள் பத்து இருபதாகச் சேர்ந்து தீவு தீவாக இருக்கும். ஏழாம் நாள் சாயமே வேண்டாம். ஸ்லைடை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் கண்ணாடியில் மூச்சு விட்ட மாதிரி ஒரு மங்கல் தெரியும். விரலால் தேய்த்தால் வழுக்கும். சாயம் போட்டுப் பார்த்தால் தனித்தனிக் குச்சிகளை எண்ணவே முடியாது. ஊதா மொத்தைகள், அவற்றுக்கு நடுவில் வெளிறிய ஊதாப் புகை. "சார், ஸ்லைடு சரியா கழுவல போல" என்று எந்த வருடமும் ஒரு பிள்ளையாவது சொல்லும். அந்தப் புகைதான் சமாச்சாரமே.

இந்த யோசனை என்னுடையது இல்லை. 1933இல் அமெரிக்காவில் ஆர்தர் ஹென்ரிசி என்பவர் ஏரித் தண்ணீரில் கண்ணாடித் தகடுகளை மூழ்கவைத்து, நன்னீர் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை மிதந்து திரிபவை அல்ல, எதிலாவது ஒட்டி வளர்பவை என்று காட்டினார். அதற்கு முன்னும் பின்னும் ரொம்ப காலம் ஆய்வகங்கள் கூஜாத் தண்ணீரில் மிதக்கிற பாக்டீரியாவையே படித்துக்கொண்டிருந்தன. 1978இல் வில்லியம் காஸ்டர்டன் என்ற கனடாக்காரரும் அவரோடு வேலை பார்த்தவர்களும் "பாக்டீரியா எப்படி ஒட்டிக்கொள்கிறது" என்பதையே தலைப்பாக வைத்துக் கட்டுரை எழுதிய பிறகுதான் துறை இந்தப் பக்கம் திரும்பியது. இன்றைய மதிப்பீட்டில் பூமியில் உள்ள பாக்டீரியா செல்களில் 40 முதல் 80 விழுக்காடு வரை இப்படிப் படலங்களில்தான் இருக்கின்றன. உங்கள் தொட்டித் தண்ணீரை பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்து "எல்லாம் நார்மல்" என்று சீட்டு வந்தால், அது மிதக்கிறவற்றின் கணக்கு. சுவரை யாரும் எண்ணவில்லை.

சரி, அந்த ஊதாப் புகை என்ன? பாக்டீரியா வெளியே சுரந்து பூசிக்கொள்கிற பசை. நீள நீளமான சர்க்கரைச் சங்கிலிகள், புரதம், கொஞ்சம் கொழுப்பு, அப்புறம் டிஎன்ஏ. செல்லுக்குள் இருக்க வேண்டிய டிஎன்ஏ வெளியே பசையில் என்ன செய்கிறது என்று முதலில் எல்லோருக்கும் குழப்பம்தான். செத்த செல்களிலிருந்து கசிந்த குப்பை என்று நினைத்தார்கள். 2002இல் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் படலத்தின் மேல் டிஎன்ஏவை வெட்டுகிற நொதியைப் போட்டுப் பார்த்தபோது, இளம் படலம் கரைந்தே போனது. குப்பை என்று நினைத்தது கட்டுமானக் கம்பியாக இருந்திருக்கிறது. படலத்தில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரை நீக்கிவிட்டு எடை போட்டால் பல படலங்களில் செல்களின் பங்கு பத்தில் ஒன்றுகூட வராது, மீதியெல்லாம் பசை. ஜவ்வரிசிக் கஞ்சியை உவமை சொன்னது சும்மா இல்லை: கொஞ்சம் மாவுச்சத்து, நிறையத் தண்ணீர், ஆனாலும் தொட்டால் பிடிப்பு.

எங்கள் ஸ்லைடு ஒரு விதத்தில் பொய் சொல்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். காயவைத்துவிட்டதால் படலம் அப்பளமாகத் தட்டையாகிவிடும். உயிரோடு, ஈரத்தோடு பார்க்கக்கூடிய கான்ஃபோகல் மைக்ராஸ்கோப் வந்த பிறகு, 1990களில்தான் அசல் உருவம் தெரிந்தது. மேடும் பள்ளமுமாக, சில இடங்களில் காளான் மாதிரி எழும்பி, நடுவில் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால்களோடு இருந்தது. வாய்க்கால் ஓரத்தில் இருப்பவர்களுக்கு ஆக்ஸிஜனும் உணவும் தாராளம். மேட்டின் அடியில் இருப்பவர்களுக்கு மேலே இருப்பவர்கள் தின்றது போக மிச்சம்தான். ஒரு முடியின் தடிமன் அளவு ஆழத்திலேயே ஆக்ஸிஜன் தீர்ந்துபோகலாம். அதனால் ஒரே படலத்தில் காற்று வேண்டியவை மேலேயும் காற்று ஆகாதவை கீழேயுமாகப் பிழைக்கின்றன. ரொம்ப நாள் கழுவாத டிரம்மின் அடியைச் சுரண்டினால் அழுகிய முட்டை வாடை வருகிறதே, அது கீழ்த்தளத்துக்காரர்களின் வேலை. சல்பேட்டைப் பிடித்து ஹைட்ரஜன் சல்பைடாக விடுகிறவை அவை.

இந்தக் குடியேற்றம் எப்படி நடக்கிறது? நீங்கள் கழுவிவிட்டுப் புதுத் தண்ணீர் விட்ட சில நிமிடங்களிலேயே தண்ணீரில் கரைந்திருக்கும் கரிமப் பொருட்கள் சுவரில் மெல்லியதாகப் படிந்துவிடும். அதன்மேல் பாக்டீரியா வந்து உட்காரும், எழுந்திருக்கும், மறுபடி உட்காரும். முதலில் தற்காலிகம்தான், லேசாக அலசினாலே போய்விடும். இருப்பது என்று முடிவானால் நீந்த உதவும் கசையிழையை நிறுத்திவிட்டுப் பசை சுரக்க ஆரம்பிக்கும். அந்த முடிவை எடுக்க வைப்பதில் சைக்ளிக்-டை-ஜிஎம்பி என்ற சிறு மூலக்கூறுக்குப் பெரிய பங்கு உண்டு: செல்லுக்குள் அது கூடினால் ஒட்டு, குறைந்தால் நீந்து. 1987இல் ஜெருசலேமில் மோஷே பென்சிமானின் ஆய்வகம் இதைக் கண்டுபிடித்தது, அதுவும் காடியில், அதாவது வினிகரில், செல்லுலோஸ் ஆடை கட்டுகிற ஒரு பாக்டீரியாவில். காடியில் மிதக்கிற அந்தத் தடித்த ஆடையும் ஒரு பயோபிலிம்தான்.

அதற்கப்புறம் நடப்பது ஊர் கூடித் தேர் இழுக்கிற கதை. பத்துப் பேர் வடத்தைப் பிடித்து இழுத்தால் தேர் நகராது, மூச்சுதான் வாங்கும். ஆள் சேர்ந்துவிட்டதா என்று தெரிந்த பிறகே இழுக்க வேண்டும். பாக்டீரியா ஒவ்வொன்றும் ஒரு சமிக்ஞை மூலக்கூறை வெளியே கசியவிடுகிறது. கூட்டம் பெருகப் பெருக அதன் அடர்த்தி ஏறுகிறது. ஓர் அளவைத் தாண்டியதும் எல்லா செல்களிலும் ஒரே நேரத்தில் குறிப்பிட்ட மரபணுக்கள் விழிக்கின்றன. 1970இல் நீல்சன், ஹேஸ்டிங்ஸ் என்ற ஆய்வாளர்கள் இதைக் கடலில் ஒளிவிடும் விப்ரியோ என்ற பாக்டீரியாவில் பார்த்தார்கள். தனியாக இருக்கும்போது அது ஒளிராது; கூட்டம் சேர்ந்தால்தான் விளக்கு எரியும். 1998இல் அந்தச் சமிக்ஞையைச் செய்யத் தெரியாத சூடோமோனாஸ் வகையை வளர்த்துப் பார்த்தபோது, அதுவும் படலம் கட்டியது. ஆனால் மேடுகள் எழும்பாத தட்டைப் படலம், சோப்புத் தன்மையுள்ள ஒரு வேதிப்பொருளுக்கே கலைந்துபோனது. சமிக்ஞை உள்ள இயல்பான வகையின் படலம் அதற்கு அசையவில்லை.

இப்போது உங்கள் பிளீச்சிங் பவுடருக்கு வருவோம். 1684இலேயே இந்தக் கதைக்கு ஒரு சாட்சி இருக்கிறது. டச்சுத் துணி வியாபாரி ஆன்டனி வான் லீவன்ஹூக், தன் கையாலேயே தேய்த்த லென்ஸில் பல்லில் படிந்த ஊத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தவர். வினிகரால் பல்லைக் கழுவினால் ஊத்தையின் வெளிப்பக்கத்தில் இருந்த பூச்சிகள் மட்டுமே சாகின்றன, உள்ளே இருப்பவை சாகவில்லை என்று லண்டனுக்கு எழுதினார். பாக்டீரியா என்ற சொல்லே அப்போது கிடையாது. வினிகர் இருந்த இடத்தில் குளோரின், பல் இருந்த இடத்தில் உங்கள் தொட்டி. அவ்வளவுதான் வித்தியாசம்.

குளோரின் வேகமாக வினைபுரிகிற சாமான். அதுதான் அதன் பலம், இங்கே அதுவே பலவீனம். பசையில் உள்ள புரதத்தோடும் சர்க்கரையோடும் மோதி அங்கேயே செலவாகிவிடுகிறது. உள்ளே ஊறுவதைவிட வெளியே தீர்வது வேகம். 1994இல் முடியைவிட மெல்லிய மின்முனையைப் படலத்துக்குள் இறக்கி அளந்து பார்த்தார்கள். வெளித் தண்ணீரில் இருந்த குளோரினில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் உள்ளே இருந்தது. மேல் அடுக்கு சாகிறது, சரி. ஆனால் செத்தவர்கள் எங்கும் போவதில்லை. வீடு அப்படியே நிற்கிறது, செத்த உடல்களும் பசையும் உணவாகக் கிடக்கின்றன, அடியில் பிழைத்தவர்கள் சாவகாசமாக மேலே வருகிறார்கள். வெறும் சுவரில் முதலிலிருந்து குடியேறுவதைவிட இது ரொம்பச் சுலபம். பத்து நாளில் திரும்ப வருகிறது என்கிறீர்களே, அது முழுதாகப் போகவே இல்லை என்பதுதான் நிஜம்.

அடியில் இருப்பவர்கள் இன்னொரு காரணத்தாலும் தப்பிக்கிறார்கள். பட்டினியில் கிடப்பதால் அவர்கள் அனேகமாக வளர்வதே இல்லை. பல ஆன்டிபயாடிக் மருந்துகள் வளர்கிற செல்லைத்தான் பிடிக்கும். 1944இல் ஜோசப் பிக்கர், பென்சிலின் போட்டும் சாகாமல் மிஞ்சுகிற ஒரு சிறு கூட்டத்தை ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவில் கண்டார். அவற்றை எடுத்து மறுபடி வளர்த்தால் வாரிசுகள் பென்சிலினுக்குச் சாதாரணமாகச் சாகின்றன. எதிர்ப்பு மரபணு எதுவும் இல்லை, அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தன, அவ்வளவே. படலத்தில் இருக்கும் பாக்டீரியாவைக் கொல்ல, மிதக்கும் அதே பாக்டீரியாவுக்குத் தேவையானதைப்போல ஆயிரம் மடங்கு வரை மருந்து தேவைப்படலாம் என்று சொல்வதற்கு இந்த எல்லாக் காரணங்களும் சேர்ந்தே பொறுப்பு. வீட்டில் வயதானவர்களுக்குச் சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் தொற்று திரும்பத் திரும்ப வருவதும், குழாயையே மாற்றச் சொல்வதும் இதனால்தான். குழாய் உள்ளே இருக்கிற வரை மருந்து மிதக்கிறவற்றை மட்டும் துரத்திக்கொண்டிருக்கும்.

பல்லுக்கும் இதே நியாயம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியா நாம் தின்கிற சீனியிலிருந்தே குளுக்கான் என்ற பசையைத் திரித்துப் பல்லில் ஒட்டிக்கொள்ளும். மிச்சச் சீனியைப் புளிக்கவைத்து அமிலமாக்கும். பல்லின் மேல் பிஹெச் 5.5க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். அதைக் கொப்பளித்து எடுக்க முடியாது, துலக்கித்தான் எடுக்க வேண்டும். தினமும் காலையில் இந்த உண்மையை ஒப்புக்கொண்டு பல் தேய்க்கிற நாம், தொட்டிக்கு மட்டும் கொப்பளித்துத் துப்பிவிட்டு வருகிறோம்.

வழுக்குவதெல்லாம் பயோபிலிம் இல்லை என்றும் சொல்லியாக வேண்டும். சேர்வராயன் மலையில் காபித் தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: பழத்தைப் பல்பரில் போட்டுத் தோலுரித்ததும் கொட்டை கையில் நிற்காது, அப்படி நழுவும். அந்தக் கொழகொழப்பு செடியின் பெக்டின். பாக்டீரியாவின் கைங்கரியம் எதுவும் இல்லை. தொட்டியில் ஒரு நாளோ ஒன்றரை நாளோ போட்டுவைத்தால் ஈஸ்டும் பாக்டீரியாவும் விடுகிற நொதிகளும் பழத்தின் சொந்த நொதிகளும் அந்தப் பெக்டினை வெட்டிப் போடும். பிறகு கழுவி, ஒரு கைப்பிடி அள்ளித் தேய்த்தால் ஜல்லி மாதிரி கரகரவென்று சத்தம் வர வேண்டும். வந்தால்தான் நொதித்தது போதும் என்று அர்த்தம். அங்கே நொதி பசையை வெட்டி வழவழப்பை எடுக்கிறது. பயோபிலிமுக்கும் இதே வழி உண்டு. பசையை வெட்டும் நொதிகளை மருத்துவத்தில் முயன்று பார்க்கிறார்கள். பாக்டீரியாவே, இடம் நெருக்கடியானால் தன் பசையைத் தானே வெட்டிக்கொண்டு புது இடம் தேடிக் கிளம்பிவிடும். ஆனால் காபித் தொட்டியைக் காலி செய்த பிறகு சிமெண்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அது அசல் பயோபிலிம். அதை விளக்குமாறால் தேய்த்துத்தான் கழுவ வேண்டும்.

இந்தப் படலம் இல்லாவிட்டால் நம் மாவட்டத்தில் ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலைகள் பாடு திண்டாட்டம். மரவள்ளிக்கிழங்கை அரைத்துக் கழுவிய தண்ணீர் மாவுச்சத்தோடும் புளிப்போடும் வெளியே வரும். அப்படியே ஓடையில் விட்டால் தண்ணீரில் உள்ள ஆக்ஸிஜன் தீர்ந்து ஊரே நாறும். அதைக் காற்றுப் புகாத கலனில் விட்டு மீத்தேன் எடுக்கிற ஆலைகள் உண்டு. ஒருமுறை ஆத்தூர் பக்கம் பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தேன். கலனின் அடிக்குழாயைத் திறந்து ஆபரேட்டர் ஒரு மக்கில் பிடித்துக் காட்டினார். கறுப்புத் தண்ணீர். ஒரு நிமிடம் வைத்ததும் அடியில் கடுகு கடுகாகக் கறுப்பு மணிகள் இறங்கின. உள்ளங்கையில் ஒன்றை வைத்து நசுக்கினால் ரப்பர் மாதிரி கொஞ்சம் தாக்குப் பிடித்து அப்புறம்தான் உடைந்தது. அந்த மணி முழுக்க உயிர். ஒட்டிக்கொள்ளச் சுவர் இல்லாததால் தங்களுக்குள்ளேயே ஒட்டிக்கொண்ட பயோபிலிம். மேலடுக்கில் மாவுச்சத்தை உடைத்து அமிலமாக்குபவை, நடுவில் அந்த அமிலத்திலிருந்து மீத்தேன் விடுகிற ஆர்க்கியா, பாக்டீரியா மாதிரியே தெரிகிற வேறொரு நுண்ணுயிர் இனம். ஒருவரின் கழிவு அடுத்தவரின் சாப்பாடு. கையெட்டும் தூரத்தில் இருந்தால்தான் கைமாறும். கனமான மணியாக இருப்பதால் கீழிருந்து மேலாகத் தண்ணீர் ஓடினாலும் அடித்துப் போகாமல் நிற்கின்றன. நெதர்லாந்தில் லெட்டிங்கா என்ற ஆய்வாளர் 1970களில் உருவாக்கிய கலன் இந்த மணிகளை நம்பித்தான் ஓடுகிறது. ஒரு பெண் பிள்ளை மணியைப் பார்த்துவிட்டு, "உள்ளே போறது ஜவ்வரிசித் தண்ணி, வெளியே வர்றது கறுப்பு ஜவ்வரிசி" என்றாள். அதைவிட நல்ல விளக்கம் நான் பாடத்தில் சொன்னதில்லை.

சரி, தண்ணீரைப் புழங்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். தொட்டிப் படலத்தில் இருப்பவை பெரும்பாலும் தண்ணீரிலும் மண்ணிலும் வாழ்கிற சாதுவான ஆட்கள். குளிக்க, துவைக்கப் பயமில்லை. கவலை எதற்கென்றால், இந்தப் படலம் ஒரு சத்திரம். கழிவுநீர்க் கசிவு வழியாகவோ, திறந்த மூடி வழியாகப் பறவை எச்சத்திலோ வந்த கெட்டவன் அங்கே வந்து தங்கினால் குளோரினுக்குத் தப்பிவிடுவான். காலராக் கிருமிகூடத் தனியாகத் திரிவதைவிடக் கண்ணுக்கு லேசாகவே தெரிகிற நீர்ப்பூச்சிகளின் ஓட்டில் ஒட்டிப் படலமாக இருப்பது அதிகம். வங்காளதேசத்துக் கிராமங்களில் பழைய புடவையை நாலு மடிப்பாக மடித்துக் குடத்து வாயில் கட்டித் தண்ணீர் பிடித்தபோது காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 2003இல் ரீட்டா கால்வெல் என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளரின் குழு வெளியிட்ட கணக்கில் 48 விழுக்காடு. கிருமி துணியின் கண்ணைவிடப் பல மடங்கு சிறிசு. ஆனால் அது ஒட்டியிருக்கிற பூச்சி பெரிசு, துணியில் மாட்டிக்கொண்டது. குழாயில் வெள்ளைத் துணி கட்டுகிற நம் பாட்டிகளைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம், இல்லையா?

குடிக்க என்றால் காய்ச்சிக் குடியுங்கள். காரணம், உங்கள் தொட்டியில் குளோரின் நிற்காது. குழாய்த் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிர்ணயம். அப்படியே வந்தாலும், குளோரினே இல்லாத போர் தண்ணீரோடு கலந்ததும் குறைந்துவிடும். போரில் இரும்பு இருந்தால் அதுவும் குளோரினைத் தின்னும். அப்புறம் சேலத்து ஏப்ரல் வெயில். மாடித் தொட்டியில் தண்ணீர் கை பொறுக்காமல் சுடுகிற நாட்களில் மிச்சமும் போய்விடும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. போர் தண்ணீர் ஏறுகிற தொட்டியில் காவி நிறத்தில் பஞ்சு பஞ்சாக மிதந்தால் அது இரும்பைத் தின்று துருவாக விடுகிற பாக்டீரியா. கஞ்சமலையில் இரும்புத் தாது கிடக்கிற ஊரில் இது அதிசயமில்லை. குளியலறை மூலையில் இளஞ்சிவப்பாக வந்தால் அது பெரும்பாலும் செராஷியா போன்ற நிறமி விடுகிற பாக்டீரியா. பச்சை என்றால் தொட்டிக்குள் வெளிச்சம் போகிறது, மூடியைப் பாருங்கள்.

இனி கழுவுகிற முறை. காலி செய்யுங்கள். நைலான் பிரஷ் அல்லது தேங்காய் நார், கொஞ்சம் சோப்புத் தூள். கம்பிப் பிரஷ்ஷும் மணலும் வேண்டாம். பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்தாலும், நீளமே ஒன்றிரண்டு மைக்ரான் இருக்கிற பாக்டீரியாவுக்கு அது பதுங்கு குழி. அடுத்த முறை உங்கள் பிரஷ் அங்கே எட்டாது. தண்ணீர் வழக்கமாக நிற்கிற மட்டத்தில் சுற்றிலும் ஒரு கோடு இருக்கும், படலம் அங்கேதான் தடிமன். அங்கிருந்து தொடங்குங்கள். மிதவை வால்வு, மூடியின் உள்பக்கம், வெளியேறும் குழாயின் வாய், இந்த மூன்றையும் யாரும் தொடுவதே இல்லை. தேய்த்த தண்ணீரைக் குழாய்க்குள் விடாமல் மொண்டு வெளியே கொட்டுங்கள்.

அதற்கப்புறம் பவுடர். புதுப் பவுடரில் மூன்றில் ஒரு பங்குதான் குளோரின். பை திறந்து வெயிலில் கிடந்தால் அதுவும் இருக்காது. ஆயிரம் லிட்டருக்கு 150 கிராம் போட்டால் லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் ஊற்றித் தொட்டியை நிரப்புங்கள். வீட்டுக் குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து, குளோரின் வாடை வந்ததும் மூடுங்கள். குழாய்க்குள்ளும் இதே படலம்தான் இருக்கிறது. ராத்திரி முழுக்க விட்டு, காலையில் வடித்து, நன்றாக அலசிவிட்டுப் பிடியுங்கள். நீங்கள் கொடுத்த ஒரு மணி நேரம் போதாது. அந்தத் தண்ணீரை யாரும் குடித்துவிடாமல் வீட்டில் சொல்லி வையுங்கள்.

போர் தண்ணீரால் சுவரில் உப்புப் படிந்து வெள்ளையாக இருந்தால் சிலர் ஆசிட் ஊற்றுவார்கள். ஆசிட்டும் பிளீச்சிங்கும் சந்தித்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பவருக்கு அது உயிருக்கே ஆபத்து. அன்றைக்கு இரண்டில் ஒன்றுதான். தரைத்தொட்டிக்குள் இறங்குவதாக இருந்தால் மேலே ஓர் ஆள் நிற்காமல் இறங்காதீர்கள்.

"எங்கள் வீட்டில் ஆர்ஓ இருக்கிறது, எதற்கு இதெல்லாம்" என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தால், அவர்களுக்கும் ஒரு செய்தி. ஆர்ஓவில் உள்ள கார்பன் ஃபில்டர் குளோரினை எடுத்துவிடுகிறது. அதற்கு அப்புறம் இருக்கிற சின்னத் தொட்டியும் குழாய்மூக்கும் காவலே இல்லாத வீடு. மூக்கினுள் ஒரு வெள்ளைப் பஞ்சை விட்டுச் சுழற்றி எடுக்கச் சொல்லுங்கள். வழவழப்பாக வந்தால் தொட்டியைத் திறந்து கழுவ வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. சமையலறைக் குழாயின் நுனியில் வலை மூடி இருந்தால் அதையும் கழற்றி, புளித்தண்ணீரில் ஊறவைத்து உப்பு இளகியதும் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்கலாம். அந்தப் பிரஷ்ஷை மறுபடி குளியலறையில் வைத்துவிட வேண்டாம்.